ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெட்ரோல் செலவு அதிகமா, வரி அதிகமா? உதியன்குளங்கரை எல்லையில் ஒரு கணக்கு

உதியன்குளங்கரை: கேரளத்தின் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, முன்பு 47-ஆம் எண்ணுடன் இருந்த தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் உதியன்குளங்கரை அமைந்துள்ளது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே சென்று இஞ்சிவிளையைக் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளை. இந்தச் சிறு தொலைவுக்குள் பெட்ரோல் விலை லிட்டருக்கு ஏறத்தாழ 5 ரூபாய் மாறிவிடுகிறது. 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் 107 ரூபாய் அளவிலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் 102 ரூபாயை ஒட்டியும் பெட்ரோல் விற்கப்பட்டது.

இந்த வேறுபாட்டுக்கு மாநில வரிகளே காரணம். கேரளம் பெட்ரோலுக்கு 30.08 விழுக்காடு விற்பனை வரியும், லிட்டருக்கு 1 ரூபாய் கூடுதல் வரியும், 1 விழுக்காடு மேல்வரியும் வசூலிக்கிறது. இவற்றுடன் சமூகப் பாதுகாப்பு நிதிக்காக லிட்டருக்கு 2 ரூபாய் 2023 ஏப்ரல் 1 முதல் சேர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் 13 விழுக்காடு வரியும், லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வசூலிக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்ததும் இடைவெளி அதிகரிக்க ஒரு காரணம். எல்லையோர வாகன ஓட்டிகள் களியக்காவிளைக்குச் சென்று பெட்ரோல் நிரப்புவதில் வியப்பில்லை.

இருசக்கர வாகனத்துக்கும் சிறிய காருக்கும் இக்கணக்கு பொருந்தும். ஆனால், கூரை திறக்கும் உயர்திறன் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது பொருந்துமா?

இந்தியாவில் விற்பனைக்கு வந்த அத்தகைய கார்களில் ஒன்றான பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ காரை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மேக்னா ஸ்டெயர் ஆலையில் தயாராகி, முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட கார் இது. இருவர் மட்டுமே அமரலாம். ஆறு சிலிண்டர் கொண்ட 2,998 சிசி டர்போ என்ஜின் 340 குதிரைத்திறனை வெளிப்படுத்துகிறது. துணிக் கூரை சுமார் 10 விநாடிகளில் திறந்துவிடும். எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு 52 லிட்டர்.

சோதனை அளவீடுகளில் இக்கார் லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தருகிறது. பேருந்து நிறுத்தங்களும் வேகத்தடைகளும் நிறைந்த பழைய நெடுஞ்சாலையில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை செல்லும் நான்குவழிப் புறவழிச்சாலையில் சீரான வேகத்தில் சென்றால் நெருங்கலாம். கூரையைத் திறந்து வேகமாக ஓட்டும்போது காற்றின் எதிர்ப்பு கூடுவதால் எரிபொருள் சற்று அதிகம் செலவாகும்.

எனவே லிட்டருக்கு 8 கிலோமீட்டர், ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் பயணம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,000 லிட்டர் தேவைப்படும். கேரள விலையில் செலவு 1 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய். கிலோமீட்டருக்கு 13 ரூபாய்க்குச் சற்று அதிகம். ஒவ்வொரு முறையும் களியக்காவிளையில் நிரப்பினால் ஆண்டுக்கு மிச்சமாவது 5,000 ரூபாய் மட்டுமே. எல்லைக்குச் சென்று திரும்புவதற்கான எரிபொருளைக் கழித்தால் அதுவும் குறையும்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தச் சேமிப்பை முற்றிலும் விழுங்கிவிடக்கூடும். எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலவாத எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டு, 10 விழுக்காடு கலவைக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம் என நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கை மதிப்பிட்டது. இந்தக் கணக்கில் அது சுமார் 60 முதல் 70 லிட்டர். அதாவது 6,000 ரூபாய்க்கும் மேல்.

நின்றாலும் ஓடும் செலவு

காரின் விற்பனையக விலையை, கணக்கின் வசதிக்காக, 90 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். 40,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள இறக்குமதிக் கார்களுக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி அடிப்படைச் சுங்க வரி 70 விழுக்காடு, வேளாண் உட்கட்டமைப்பு மேல்வரி 40 விழுக்காடு. இவை விற்பனை விலையிலேயே அடங்கிவிடுகின்றன. அதன்பின் வருவது மாநிலத்தின் சாலை வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குக் கேரளத்தில் 22 விழுக்காடு. ஆகவே 19 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஒரே தவணையில் செலுத்த வேண்டும். இவ்வரி 15 ஆண்டுகளுக்கானது என்பதால் ஆண்டுக்குப் பங்கிட்டால் 1 லட்சத்து 32 ஆயிரம். ஓராண்டுப் பெட்ரோல் செலவைக் காட்டிலும் இது 25 ஆயிரம் ரூபாய் அதிகம்!

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இதே பிரிவுக்கு 20 விழுக்காடு வரி. எல்லைக்கு அப்பால் பதிவு செய்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் குறையும். களியக்காவிளையில் 36 ஆண்டுகள் பெட்ரோல் நிரப்பி மிச்சப்படுத்தும் தொகை அது.

மதிப்புத் தேய்மானம் இவை அனைத்தையும் விஞ்சியது. மோட்டார் காப்பீட்டில் பின்பற்றப்படும் அட்டவணைப்படி, நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்தாம் ஆண்டை எட்டும் காருக்கு 50 விழுக்காடு மதிப்புக் கழிவு. 90 லட்சம் 45 லட்சமாகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 9 லட்சம்; கிலோமீட்டருக்கு 112 ரூபாய். காரைக் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்தாலும் இந்த இழப்பு உண்டு.

கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு இதற்கு மாறானது. 1,500 சிசிக்கு மேற்பட்ட எல்லாத் தனியார் கார்களுக்கும், 2022-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, ஆண்டுக்கு 7,897 ரூபாய்தான். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணமோ காரின் மதிப்பைப் பொறுத்து உயரும்.

முன்சக்கர, பின்சக்கர டயர்கள் வெவ்வேறு அகலம் கொண்டவை. எனவே முன்னும் பின்னுமாக மாற்றிப் பொருத்தித் தேய்மானத்தைச் சமன்செய்ய இயலாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இப்பகுதியில் துணிக் கூரைக்குத் தனிக் கவனம் தேவை. கூரை ஓரத்து நீர் வடிகால் துளைகளில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால் மழைநீர் காருக்குள் புகும். ரப்பர் மரங்களின் நிழலில் நிறுத்துபவர்கள் இதை அடிக்கடி சரிபார்ப்பது நல்லது.

வரியைச் சுற்றிய வழக்குகள்

வரியே பெருஞ்செலவு என்பதால், அதைத் தவிர்க்கும் முயற்சிகளும் அதைச் சுற்றியே நடந்தன. சாலை வரி மிகக் குறைவாக இருந்த புதுச்சேரியில் முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்து கேரளத்தில் ஓட்டியவர்கள்மீது 2017-இல் நடவடிக்கை தொடங்கியது. திரைத்துறையினர் சிலரும் விசாரணைக்கு உள்ளாயினர்.

ஜிஎஸ்டிக்கு முன்பு நடைமுறையில் இருந்த நுழைவு வரியும் நீதிமன்றம் சென்றது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் வாகனங்களுக்கு மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாம் என்று, கேரளத்திலிருந்து சென்ற வில்லியம் பெர்னாண்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலிருந்து 2012-இல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு அவ்வரியிலிருந்து விலக்குக் கோரிய நடிகர் விஜய்யின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021 ஜூலையில் தள்ளுபடி செய்தார். அத்தீர்ப்பில் இடம்பெற்ற விமர்சனங்களை 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டும். மார்த்தாண்டத்தின் டிஎன் 75 எண்ணுடன் உள்ள காரைப் பாறசாலையில் நிலையாக வைத்திருப்பவர் கேஎல் 19 எண்ணுக்கு மாற வேண்டும்; இடையில் உள்ள தொலைவு மிகக் குறைவு என்பது விலக்காகாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு இது முக்கியம். விலை மலிவாகத் தோன்றும் வெளிமாநிலக் காருக்கு, அதன் வயதைப் பொறுத்துக் கேரள வரி தனியே செலுத்த நேரிடும். முதலில் பதிவான மாநிலத்தின் தடையில்லாச் சான்றை, அதாவது படிவம் 28-ஐ, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது. வங்கிக் கடன் நிலுவை ஏதும் உண்டா என்பது பதிவுச் சான்றிலேயே தெரிந்துவிடும்.