உரையும் தோற்றமும் பிரிந்த வரலாறு

குன்னூரை ஒட்டிய வெலிங்டனைப் பற்றித் தமிழில் படிக்க விரும்புகிறவர் நீலகிரி மாவட்ட இணையதளத்தைத் திறந்தால், எழுத்துரு எதையும் தரவிறக்காமலே படிக்கலாம். அந்தத் தளம் தேசியத் தகவல் மையத்தின் ‘எஸ்3வாஸ்’ கட்டமைப்பில் இயங்குகிறது. நாட்டின் பல மாவட்டத் தளங்களுக்கும் அதுவே அடித்தளம். உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கும்; அதற்கான தோற்றத்தைத் ‘தீம்’ எனப்படும் வடிவமைப்புத் தொகுப்பு தனியே தரும். இந்தப் பிரிவினையை வெறும் வசதி என்று கடந்துவிடக் கூடாது. தமிழ் இணையத்தின் நினைவைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

1990களின் தமிழ்த் தளங்களில் உரையும் தோற்றமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துருவையும் அதற்கான குறியீட்டையும் வைத்திருந்தன. ஒன்றின் கட்டுரையை இன்னொன்றின் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். தளத்தின் முகத்தை மாற்ற நினைத்தவர் உரையையே இழக்கும் நிலை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு ‘டாம்’, ‘டாப்’ குறியீடுகளைத் தரப்படுத்த முயன்றது. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகே அது சாதாரணக் கணினிகளை எட்டத் தொடங்கியது. பழைய உரைகளை மீட்கச் சுரதா உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துருமாற்றிகள் தேவைப்பட்டதே, அந்தப் பிணைப்பால் நேர்ந்த சேதத்துக்குச் சான்று.

இதே காலத்தில்தான் பக்க வடிவமைப்பும் விடுதலை பெற்றது. 2003இல் வெளியான இணையப் பதிப்பு மென்பொருளான வேர்ட்பிரஸ், 2005 பிப்ரவரியின் 1.5 பதிப்பில் தீம் முறையைக் கொண்டுவந்தது. யூனிகோடு எழுத்தை எழுத்துருவிலிருந்து பிரித்தது. தீம் கட்டுரையைப் பக்க அமைப்பிலிருந்து பிரித்தது. இரண்டும் கைகூடியதால், ஒருமுறை எழுதியதை எத்தனை முறை உருமாற்றினாலும் அது சிதையாமல் நின்றது.

மாவட்டத் தளங்கள் பகிரும் இத்தகைய பொதுச் சட்டகம் ஊர்களின் தனித்தன்மையை அழிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஜக்கதலா என்ற பழைய பெயர், 1850களின் படைமுகாம், 1947இல் வந்த ராணுவப் பயிற்சிக் கல்லூரி என இத்தனை வரலாறுள்ள வெலிங்டன், மற்ற ஊர்களைப் போலவே திரையில் தெரியலாமா? இக்கவலை நியாயமானது. ஆனால் பொதுச் சட்டகம் இல்லாத காலத்தில் சிறிய ஊர்களுக்குத் தனித்த முகம் கிடைத்துவிடவில்லை. தளத்தைப் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் பக்கமே மறைந்துபோகும். வண்ணத்தையும் படத்தையும் முகப்பு வரிசையையும் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளப் பொதுச் சட்டகத்திலும் வழி உண்டு. அதைவிடப் பெரிய குறை, தீம்களில் பல ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தே உருவாவதுதான். தலைப்புக்கு அழுத்தம் தரப் பெரிய எழுத்துகளை நம்பும் தீம் தமிழில் பயன்படாது; தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆங்கிலச் சுருக்கம் நான்கெழுத்தில் அடங்கும் பட்டியில் ‘ராணுவப் பயிற்சிக் கல்லூரி’ இரண்டு வரியாக உடையும். மேலே விலங்கும் கீழே சுழியும் நீளும் எழுத்துகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். ஊரின் அடையாளம் முகப்புப் படத்தோடு முடிந்துவிடுவதில்லை; அதன் மொழி தடையின்றிப் படிக்கக் கிடைப்பதும் அதில் அடங்கும்.

எனவே தமிழுக்கான தீம் ஒன்றை இரண்டு கேள்விகளால் மதிப்பிட வேண்டும். நீண்ட தமிழ்ச் சொல்லை அது உடைக்காமல் தாங்குகிறதா? நாளை அதைக் கழற்றி எறிந்தாலும் உரை முழுதாக மிஞ்சுமா? முதற்கேள்வியில் தவறும் தீம் ஒன்றைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதில் தவறுவது, நாம் ஒருமுறை தந்த விலையை மறுபடி கேட்கும்.