மத்தியான சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம்? பெரம்பூர், 1918

இந்த எபிசோட் ஒரு காலண்டர் இன்வைட்ல இருந்து ஆரம்பிக்குது. போன மாசம் எங்க ஆபீஸ் ஹெச்ஆர்ல இருந்து ஒரு மெயில். "ஊழியர் நலன்: ஆரோக்கியமா சாப்பிடுவது எப்படி?" ஒரு மணி நேர ஆன்லைன் செஷன். நேரம்: மத்தியானம் 1 மணி. அதாவது நாங்க சாப்பிடுற நேரம்.

கேமராவை ஆஃப் பண்ணிட்டு, டப்பால இருந்த சாம்பார் சாதத்தை அவசர அவசரமா அள்ளிப் போட்டுக்கிட்டே, உணவை நிதானமா மென்னு சாப்பிடணும்ங்கிற அறிவுரையைக் கேட்டேன். எனக்கு ஏற்கெனவே வயித்தெரிச்சல் பிரச்சினை உண்டு. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "தினமும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" பதில் சொல்ல முடியலை. ஏன்னா தினமும் 1 மணிக்கு எங்க டீமுக்கு ஒரு கால் இருக்கும்.

சாப்பாட்டு இடைவேளைன்னு ஒண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். தேடல் நம்ம பெரம்பூர்ல வந்து நின்னுச்சு.

பின்னி மில்லுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சினிமா ஷூட்டிங் நடந்த இடமா நிறைய பேருக்குத் தெரியும். பக்கிங்ஹாம், கர்நாடிக்னு ரெண்டு மில்லுங்க, பின்னி கம்பெனியோட நிர்வாகத்துல இருந்துச்சு. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்த இடம். அப்போ நடைமுறையில இருந்த 1911 தொழிற்சாலைச் சட்டப்படி, ஜவுளி மில்லுல ஒரு ஆண் தொழிலாளியை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம். நடுவுல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்.

அரை மணி நேரம் போதாதான்னு தோணலாம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடியே வீட்டை விட்டுக் கிளம்பி, மில் சத்தத்துலயும் பஞ்சுத் தூசியிலயும் மணிக்கணக்கா நின்ன ஆள். இடைவேளை விட்டதும் ஆயிரக்கணக்கானவங்களோட சேர்ந்து வெளிய வரணும், கை கால் கழுவணும், உட்கார இடம் தேடணும், சாப்பிடணும், திரும்பிப் போய் மெஷின் முன்னாடி நிக்கணும். வாய்ல சோறு போறதுக்கு எத்தனை நிமிஷம் மிஞ்சும்?

செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடுன்னு ரெண்டு பேர். பெரம்பூர் பக்கம் தொழிலாளர்கள் வந்து கூடுற ஒரு பஜனை சபையை நடத்தினவங்க. தொழிலாளர்களோட குறையைக் கேட்டுட்டு, அன்னி பெசன்ட் அம்மையாரோட 'நியூ இந்தியா' பத்திரிகையில இருந்த பி.பி.வாடியாகிட்ட போறாங்க. 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகுது. வாடியா தலைவர். துணைத் தலைவர்கள்ல ஒருத்தர் திரு.வி.க. இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு பல வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் சொல்றாங்க. அதோட ஆரம்பக் கோரிக்கைகள்ல ஒண்ணு: சாப்பாட்டு இடைவேளையை நீட்டுங்க.

இடைவேளை நீண்டுச்சு. மணிக்கணக்குல இல்ல, நிமிஷக் கணக்குலதான். ஆனா கூட்டமா வந்து கேட்டா கிடைக்கும்னு தெரிஞ்சதுதான் நிர்வாகத்தை உறுத்தியிருக்கணும். 1920ல வேற ஒரு தகராறு பெருசாகி, கம்பெனி வாடியா மேலயும் மத்த தலைவர்கள் மேலயும் சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்குப் போடுது. வேலை ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தொழிலாளர்களைத் தூண்டினாங்கன்னு குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடை உத்தரவு போட, கடைசியில சமரசத்துக்காக வாடியா சங்கத்தை விட்டே விலக வேண்டியதாச்சு. சங்கம் வச்சா கோர்ட்டுக்கு இழுக்கலாம்ங்கிற நிலைமை மாறணும்னு குரல் எழுந்து, 1926ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு.

இதை முழுக்க வெற்றிக் கதையா சொன்னா அது பொய். 1921ல மாசக்கணக்கா ஒரு வேலைநிறுத்தம் நடந்துச்சு. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்குப் போனாங்க. மோதல் சாதிச் சண்டையா மாறி, புளியந்தோப்புல குடிசைகள் எரிஞ்சுது, உயிர்கள் போச்சு. சங்கம் உடைஞ்சுது. ஒரே மெஷின் முன்னாடி நின்னவங்க, சேரிக்கும் ஊருக்கும் நடுவுல இருந்த கோட்டைத் தாண்ட முடியலை.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது அடுத்து நடந்ததுதான். அதே மில்லு 1920கள்ல தொழிலாளர் நலனுக்கே முன்னுதாரணம்னு பேர் வாங்குது! பள்ளிக்கூடம், குடியிருப்பு, மருத்துவ வசதி, நிர்வாகமும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசுற கமிட்டி. எல்லாம் நல்ல விஷயங்கள்தான், பலனடைஞ்ச குடும்பங்கள் உண்டு. ஆனா நிர்வாகம் தானா மனசு வச்சுக் கொடுத்ததும், தொழிலாளர்கள் கேட்டு வாங்கினதும் ஒண்ணில்ல. பள்ளிக்கூடம் கட்டுறது நிர்வாகத்தோட பெருந்தன்மை. இடைவேளையை நீட்டினா மெஷின் நிக்கும். அதனாலதான் அதுக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டுச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1948 தொழிற்சாலைச் சட்டம் தினசரி வேலைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு வரம்பு வச்சுது. 5 மணி நேரத்துக்கு மேல இடைவேளை இல்லாம வேலை வாங்கக் கூடாது, 250 பேருக்கு மேல இருக்குற இடத்துல கேன்டீன் வைக்கணும்னும் சொல்லுச்சு. கடைகள்ல நின்னுக்கிட்டே வேலை பார்க்குறவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வர 2021 ஆச்சு. ஒரு நாற்காலிக்கு அவ்வளவு நாள்.

பின்னி மில்லு 1996ல மூடியாச்சு. இப்போ அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அங்க வீட்டுல இருந்து லாகின் பண்ணி, மத்தியான கால்ல உட்கார்ந்திருக்குற யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருக்கலாம்.

என் கதைக்கு வர்றேன். 1 மணி காலை மாத்துங்கன்னு நான் மட்டும் மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை கேட்டிருக்கேன். "பார்க்கலாம்"னார். இந்த எபிசோடுக்காகப் படிச்சதுக்கு அப்புறம், டீம்ல ஆறு பேரும் சேர்ந்து ஒரே மெயில்ல கேட்டோம். இப்போ கால் 2:30க்கு.

வயித்தெரிச்சல் இன்னும் முழுசா போகலை. ஆனா டாக்டர் கேட்ட கேள்விக்கு இப்போ பதில் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். மணி 1 ஆச்சுன்னா, இதை நிறுத்திட்டுப் போய்ச் சாப்பிடுங்க.