கடும் வயிற்று வலியும் மார்ஃபினும்: ஒரு பழைய விலக்கு

கடும் வயிற்று வலியோடு வருகிறவருக்கு, நோய் இன்னதென்று நிச்சயமாகும் வரையில் மார்ஃபின் கொடுக்கலாகாது என்னும் விதி அறுவை வைத்தியர்களிடையே நெடுங்காலம் வேதவாக்காக இருந்து வந்தது. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் சக்கரி கோப், வயிற்றின் அவசர நோய்களை விரைவில் கண்டறிவது குறித்து 1921-இல் வெளியிட்ட நூல் பல தலைமுறை மாணவர்களுக்குக் கைநூலாக விளங்கியதும், மருந்தை மறுப்பது கொடுமையாகத் தோன்றினும் அதுவே நோயாளிக்கு நன்மை என்று அவர் அதில் உபதேசித்ததும், அவ்விதிக்கு அசைக்க முடியாத கௌரவத்தை அளித்தன. அது பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது என்பதையும், அந்த நியாயம் மறைந்த பின்னரும் விதியைப் பற்றிக்கொண்டிருப்பது அநீதி என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் இல்லாத அந்நாளில், வயிற்றைத் தொட்டறியும் கையையே வைத்தியர் பிரதானமாக நம்பியிருந்தார். மருந்தோ தோலடியிலோ தசையிலோ ஒரே தடவையில் பெரிய அளவில் செலுத்தப்பட்டது. நோயாளி மயங்கி உறங்கிவிட, உள்ளே குடல் துளைபட்டுச் சீழ் பரவுவதை அறியாமற் போகும் அபாயம் கற்பனையன்று. ஆனால் அனுபவத்தின் அச்சத்தைப் பரீட்சையின் முடிவாகக் கொள்ளுதல் தகாது. அந்தப் பரீட்சை 1992-இல் வெளியாயிற்று: பாப்பவரெட்டம் என்னும் அபினி மருந்தையோ வெறும் உப்புநீரையோ நூறு நோயாளிகளுக்குப் பகிர்ந்தளித்து ஆராய்ந்ததில், நோயறிதலிலும் சிகிச்சை முடிவிலும் நேர்ந்த பிழைகள் மருந்து பெற்றவர்களில் இருவருக்கும், உப்புநீர் பெற்றவர்களில் ஒன்பது பேருக்கும் ஏற்பட்டதாக பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. ஒரு பரீட்சை போதாதெனலாம். பின்வந்த ஆய்வுகளின் தொகுப்புகளும், நோயறிதல் இதனால் கெடுவதாகக் காணவில்லை.

இதன் காரணத்தை நோயாளியின் கட்டிலருகே நின்றால் கண்ணாரக் காணலாம். குடல்வால் அழற்சியில் கொப்பூழைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றில் வந்து நிலைக்கும் வேதனையால் உடலைச் சுருட்டிக்கொண்டு, தொட வரும் கையைத் தள்ளிவிடுகிற ஒருவர், வலி பாதியளவு தணிந்தபின் காலை நீட்டிப் படுத்து, எந்த இடத்தில் அழுத்தினால் நோகிறது என்று தாமே விரலால் சுட்டிக் காட்டுகிறார். வீக்கமுற்ற இடத்து நோவு அப்போதும் அங்கேயே இருக்கிறது. பத்து மில்லிகிராம் மார்ஃபினை உப்புநீர் சேர்த்துப் பத்து மில்லிலிட்டராக்கி, இரண்டிரண்டு மில்லிலிட்டராகச் சிரையில் மெல்லச் செலுத்தி, ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம் பொறுத்து மூச்சின் வேகத்தையும் விழிப்பையும் கவனிக்கும் இன்றைய முறைக்கும், கோப் கண்ட பெரிய ஊசிக்கும் வித்தியாசம் வெகு பெரிது.

மூச்சு மந்தமாகும் ஆபத்து மெய்யே. ஆதலால் அபினி மருந்தின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதன் சக்தி மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடக் கூடுமாதலால் கண்காணிப்பும் தொடர வேண்டும். எல்லா வலிக்கும் அபினி மருந்து வேண்டுமென்பதும் என் கட்சியன்று. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கைகால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 416 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஐபுப்ரோஃபென்னும் பாராசிட்டமாலும் சேர்ந்து, வாய்வழி அபினிக் கலவை மாத்திரைகளுக்கு நிகராகவே வலியைத் தணித்தன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகளில் கைச்சிக்கனம் அவசியம்; அந்தச் சிக்கனத்தைத் துடிப்பவரின் கட்டிலருகே காட்டுவதுதான் பிழை.

நம் இந்திய நாட்டில் இப்பழைய விலக்கோடு சட்டத்தின் அச்சமும் சேர்ந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத்துக்குப் பின் மருத்துவமனைகளில் மார்ஃபின் பிரயோகம் பெரிதும் குறைந்தது. மார்ஃபின், ஃபென்டனில் முதலியவற்றை இன்றியமையாத மருந்துகளென ஏற்று, நாடெங்கும் ஒரே விதிமுறைக்கு வழிவகுத்த திருத்தம் 2014-இல்தான் வந்தது. சட்டம் வழிவிட்டிருக்கையில், அவசரப் பிரிவுகளின் தலைவர்கள் வயிற்று வலிக்கான வலிநிவாரண முறையை எழுதி வைத்து, அறுவை நிபுணர் வரும்வரை காத்திராமல் முதல் அளவைச் செலுத்தும் அதிகாரத்தைப் பணியிலிருக்கும் வைத்தியருக்கு அளிக்க முன்வர வேண்டும்.