சந்தைக்குப் போகும் மனிதர்கள்

திண்டுக்கல் சமவெளியின் பெரும்பகுதி ஆற்றை நம்பிய மருத நிலமன்று; செம்மண்ணில் ஆழக் கிணறு வெட்டி, சோளமும் நிலக்கடலையும் புகையிலையும் விளைவித்த பூமி. மின்மோட்டார் வருமுன், கமலை ஓட்டியவன் கிணற்றுச் சரிவில் இறங்குவதும் பின்னேறுவதுமாக ஒரே நாளில் காத தூரம் நடந்திருப்பான். வரப்பை மட்டும் தாண்டியிருக்க மாட்டான். அவனுடைய வியர்வையைப் பாடிய கவிஞர்கள் பலர். அவனுடைய மௌனத்தைக் கேட்டவர்கள் குறைவு.

அம்மௌனத்தைக் கேட்ட ஓவியங்களுள் ஒன்று 1937இல் சிம்லாவில் உருவாயிற்று. அம்ரிதா ஷெர்கில் தீட்டிய 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் அது. சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர் அம்ரிதா. பாரிஸில் பயின்று, செசானையும் கோகேனையும் உள்வாங்கிக்கொண்டு, 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். அவ்விருவரையும் பின்-இம்ப்ரெஷனிஸ்டுகள் என்பர். கண்ணில் படும் ஒளியோடு நின்றுவிடாமல் உருவத்தின் கனத்தையும் வண்ணத்தின் உணர்ச்சியையும் தேடியவர்கள். 1936 இறுதியில் தொடங்கிய பயணத்தில் அம்ரிதா அஜந்தாவைக் கண்டார். கன்னியாகுமரி வரை வந்தார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் வியந்து நின்றார். ஊர் திரும்பிய பின், குளிர்ந்த மலைநகரில் இருந்துகொண்டு, தெற்கின் வெயிலை நினைவிலிருந்து வரைந்தார்.

கரிய மேனிகள், வெள்ளாடைகள், அடங்கிய முகங்கள். அவ்வளவுதான். ஏரில்லை, கதிரில்லை, குனிந்த முதுகுமில்லை. ஆயினும் அந்த உடல்களின் நிதானத்தில் ஆண்டு முழுவதன் பாடும் தங்கியிருக்கிறது. விளைந்ததை விற்கப் போகிறவனுடைய நடை அது. விலை இன்னொருவன் வாயில் இருப்பதை அறிந்தவனின் நடை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொண்டு போகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

குறை சொல்லவும் இடமுண்டு. அம்ரிதாவின் தந்தைவழிக் குடும்பம் பெருநிலக்கிழார் குடும்பம். கோரக்பூருக்கு அருகே சராயாவில் சர்க்கரை ஆலையும் வைத்திருந்தது. உழைப்பாளியை அவர் மதித்தார். ஆனால் அவனுடைய கூலிக் கணக்கு அவர் திரைச்சீலைக்குள் வரவில்லை. துயரத்தை அழகாக்கிவிட்டார் என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது. எனினும், வங்க ஓவிய மரபின் மென்னுணர்ச்சியை வெளிப்படையாகச் சாடிய அவர், பார்ப்பவனிடம் இரக்கம் யாசிக்கும் ஓர் ஏழையைக்கூட இப்படத்தில் நிறுத்தவில்லை. தமிழில் உழவனைப் பாடிய எத்தனை கவிதைகளைப் பற்றி இவ்வாறு சொல்ல இயலும்?

விலையைப் பற்றியும் ஒரு சொல். அதே 1937இல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' 2023இல் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போயிற்று. உயிரோடிருந்த நாளில் அவர் படங்களை வாங்க ஆள் தேடவேண்டியிருந்தது.

1940இல் சராயாவில் 'மஞ்சள் அரைப்பவர்கள்' வரைந்தார். மரநிழலில் பெண்கள் மஞ்சள் அரைக்கிறார்கள். சந்தைக்கு நடந்தவர்களின் ஓய்ந்த கைகள் இங்கே வேலையில் இறங்கிவிட்டன. அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் லாகூரில் அம்ரிதா இறந்தார். வயது 28.