கவிஞர் எதை விற்றார்? மில்டன் முதல் போப் வரை

‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்துக்காக ஜான் மில்டன் தம் வாழ்நாளில் பெற்றது 10 பவுண்டு. அலெக்சாண்டர் போப் ‘இலியட்’ மொழிபெயர்ப்பால் ஈட்டியது சுமார் 5,000 பவுண்டு. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுதான். இந்த ஏற்றத்துக்கு வாசகர் பெருகியதையே பலர் காரணம் காட்டுவர். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கவிஞர் எதை விற்றார் என்று பார்த்தால்தான் மாற்றத்தின் வேர் தெரிகிறது.

மில்டன் எல்லாவற்றையும் விற்றார். 1667 ஏப்ரல் 27 அன்று அவர் பதிப்பாளர் சாமுவேல் சிம்மன்ஸோடு செய்த உடன்படிக்கைப்படி கையில் 5 பவுண்டு. முதல் பதிப்பில் 1,300 பிரதிகள் விற்றதும் இன்னொரு 5. அடுத்த இரு பதிப்புகளுக்கும் அவ்வாறே. பிரதியின் விலை 3 ஷில்லிங். 1,300 பிரதிகளின் விலை 195 பவுண்டு ஆகிறது. அச்சுச் செலவும் கழிவும் போனாலும் கவிஞரின் பங்கு சிறிதே. இரண்டாம் தவணை 1669இல் வந்தது. மில்டன் மறைந்தபின், 1680இல், அவர் மனைவி எலிசபெத் எஞ்சிய உரிமை அனைத்தையும் 8 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். பின்னர் ஜேக்கப் டான்சன் கைக்குச் சென்ற அந்த உரிமை, அவர் குடும்பத்தைப் பல பத்தாண்டுகள் வளப்படுத்தியது.

அதே டான்சன்தான் ஜான் டிரைடனின் வர்ஜில் மொழிபெயர்ப்பை 1697இல் வெளியிட்டவர். 1688 புரட்சிக்குப் பின் அரசவைக் கவிஞர் பதவியை இழந்திருந்த டிரைடனுக்கு, முன்பணம் கட்டுவோர் பட்டியலே கைகொடுத்தது. 101 பேர் தலைக்கு 5 கினி தந்தனர். படம் ஒன்றுக்கு ஒருவராக அவர்களுடைய பெயரும் குலச்சின்னமும் பொறிக்கப்பட்டன. கவிஞருக்குக் கிடைத்தது சுமார் 1,200 பவுண்டு. ஆனால் திட்டத்தின் கடிவாளம் டான்சனிடமே இருந்தது.

அந்தக் கடிவாளத்தைப் போப் தம் கைக்கு மாற்றினார். 1714 மார்ச்சில் ‘இலியட்’டுக்காகப் பதிப்பாளர் பெர்னார்ட் லின்டட் ஒப்புக்கொண்ட விதிகள், அதுவரை எந்த ஆங்கிலக் கவிஞரும் பெறாதவை என்றே கருதுகிறேன். ஆறு தொகுதிகளுக்கும் தொகுதிக்கு 200 கினி வீதம் பணம். அதற்குமேல் ஒவ்வொரு தொகுதியிலும் 750 பிரதிகள், தனி வடிவில் அச்சிட்டு, இலவசமாகக் கவிஞருக்கு. காகிதமும் அச்சும் லின்டட்டின் செலவு. அந்தப் பிரதிகளுக்கு முன்பணம் கட்டியோரின் பணம் முழுவதும் போப்புக்கு. 575 பேர் 654 பிரதிகளுக்குப் பெயர் கொடுத்தனர். ஆறு தொகுதிகளுக்கு 6 கினி. மன்னர் குடும்பத்தார் முதல் கட்சி பேதமின்றிப் பிரபுக்கள் வரை பட்டியலில் இருந்தனர். கத்தோலிக்கரான போப்புக்கு அரசுப் பதவி கிடைக்க வழியில்லை. ஆகவே இந்த ஏற்பாடுதான் அவருடைய சுதந்திரத்துக்கு அடித்தளம்.

லின்டட்டைக் கஞ்சன் என்று எழுதுவது நியாயமன்று. பெருநஷ்ட அபாயத்தை ஏற்றவர் அவர். பொதுச் சந்தைக்கென அவர் பெரிய ஃபோலியோ பிரதிகளை அச்சிட்டபோது, ஹாலந்தில் சிறிய மலிவுப் பதிப்பு ஒன்று திருட்டுத்தனமாக அச்சாகி இங்கிலாந்துக்குள் வந்தது. தாமும் விலை குறைந்த சிறு பதிப்பு போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

1725–26இல் வந்த ‘ஒடிஸி’ போப்பின் புகழுக்கு அழகு சேர்க்கவில்லை. 24 காண்டங்களில் 12ஐ மட்டுமே அவர் மொழிபெயர்த்தார். வில்லியம் புரூம் எட்டையும் எலைஜா ஃபென்டன் நான்கையும் செய்தனர். அவர்களின் பங்கைப் போப் குறைத்துக் காட்டினார். கூலியும் சுருக்கமாகவே தந்தார். புத்தக வியாபாரிகளிடம் தமக்காக வாதாடி வென்றவர், சக கவிஞர்களிடம் முதலாளியாகவே நடந்துகொண்டார் என்பதை மறைப்பதற்கில்லை.

இதற்கிடையே 1710இன் சட்டம் பதிப்புரிமைக்குக் காலவரையறை தந்திருந்தது: 14 ஆண்டுகள்; ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14. அதன் பொருளை முழுதாக உணர்ந்து பயன்படுத்திய முதல் கவிஞர் போப்தான். 1730களில் பதிப்பாளர் லாட்டன் கில்லிவரிடம் அவர் தம் நிருபக் கவிதைகளை நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் அச்சிட ஓராண்டு உரிமைக்கு 50 பவுண்டு வாங்கினார். 1741இல் தம் கடிதங்களை அச்சிட்ட எட்மண்ட் கர்ல் மீது வழக்குத் தொடுத்தார். கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தமாகலாம், அதை அச்சிடும் உரிமை எழுதியவருடையதே என்று பிரபு ஹார்ட்விக் தீர்ப்பளித்தார்.