பூனையின் நகமும் மனிதனின் கத்தியும்

காளைக்கு மூக்கணாங்கயிறும் குதிரைக்குக் கடிவாளமும் பூட்டிய மனிதன், பூனையை மட்டும் நெடுங்காலம் அதன் போக்கிலேயே விட்டிருந்தான். அவ்வாறு விட்டதற்குக் காரணம் அதன் நகமே எனலாம். மேற்காசியாவில் உழவுத்தொழில் தோன்றித் தானியம் களஞ்சியத்திற் குவிந்தபோது எலிகள் வந்தன. எலிகளைத் தேடிக் காட்டுப்பூனைகள் வந்தன. மனிதனுக்கு எலி பகை. பூனைக்கு எலி உணவு. இருவர்க்கும் நன்மை விளைந்தமையால் உறவு நிலைத்தது.

இவ்வுறவின் பழைமைக்குச் சைப்பிரசுத் தீவு சான்று பகர்கின்றது. அங்கு ஏறத்தாழ 9500 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலே பூனையொன்றும் அடக்கஞ் செய்யப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்தீவிற் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆதலின் மனிதரே அதனைக் கடல் கடந்து கொணர்ந்திருத்தல் வேண்டும். எகிப்தியரோ பாஸ்தெத் என்னுந் தெய்வத்தின் வடிவிற் பூனையைப் போற்றினர். வீட்டுப்பூனை இறந்தால் அவ்வீட்டார் தம் புருவத்தை மழித்துத் துக்கங் காத்தனர் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறித்துள்ளார்.

களஞ்சியத்திலும் கப்பலிலும் பூனை எலி பிடித்த காலம்வரை அதன் நகத்தைக் குறைக்க எவரும் எண்ணவில்லை. கூலிக்காரனின் கருவியை முறிப்பார் உளரோ? ஆயின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1947ஆம் ஆண்டு எட்வேட் லோ என்பவர் பூனையின் கழிவை உறிஞ்சும் களிமண் துணுக்குகளை விற்கத் தொடங்கினார். அதன்பின் பூனை வெளியே செல்லாது வீட்டினுள்ளேயே வாழ்தல் எளிதாயிற்று. மரப்பட்டையைப் பிறாண்டிய நகம் மெத்தையையும் திரைச்சீலையையும் பிறாண்டியது. முன்னர் நன்மையெனப்பட்டதே இப்போது குற்றமாயிற்று.

அக்குற்றத்திற்கு அந்நாட்டார் கண்ட பரிகாரம் கொடியது. 1950களில் பூனையின் நகத்தை அடியோடு களையும் சத்திரசிகிச்சை அங்கே பரவலாயிற்று. பெயர் நகம் களைதல் எனினும், உண்மையில் அறுக்கப்படுவது நகம் முளைக்கும் கடைசி விரலெலும்பாகும். மனிதனின் விரல்களைக் கடைசி மூட்டிலே தறிப்பதற்கு அஃது ஒப்பானது. நடக்கவும் ஏறவும் தற்காக்கவும் உதவிய உறுப்பை ஆசனத்துணியின் பொருட்டு இழந்தது அப்பிராணி.

மனச்சாட்சி மெல்ல விழித்தது. செல்லப்பிராணிகளின் பாதுகாப்புக்கென 1987ஆம் ஆண்டில் உருவான ஐரோப்பிய உடன்படிக்கை இதனைத் தடுத்தது. கலிபோர்னியாவின் மேற்கு ஹொலிவூட் நகரம் 2003இலும், இசுரேல் 2011இலும், நியூயோர்க் மாநிலம் 2019இலும் தடைவிதித்தன. மருத்துவ அவசியம் நேர்ந்தாலன்றி இச்சிகிச்சை செய்தல் ஆகாதென்பதே இச்சட்டங்களின் கருத்தாகும்.

அங்ஙனமாயின் வீட்டார் செய்யத்தக்கது யாது? நகத்தின் நுனியை மட்டும் வெட்டுதலே. பூனைக்கு முன்கால் ஒவ்வொன்றில் ஐந்தும் பின்கால் ஒவ்வொன்றில் நான்குமாகப் பதினெட்டு நகங்கள் உள. உண்டு களித்து உறங்கச் சாயும் வேளையில் பாதத்தை மெல்ல அழுத்தினால், உள்ளிழுத்த நகம் வெளிவரும். அதனுள் இளஞ்சிவப்பாகத் தோன்றுவது குருதியும் நரம்பும் ஓடும் உயிர்ப்பகுதி. அதைத் தீண்டினால் நோவும் குருதியும் உண்டாகும். அதற்கு அப்பாலுள்ள தெளிந்த நுனியைக் கூரிய நகவெட்டியால் வெட்டுதல் போதும். பூனை சினந்தால் இரண்டொரு நகத்தோடு நிறுத்தி, மற்றொரு நாள் தொடர்தல் நன்று. வெளியே திரியும் பூனை நாய்க்கு அஞ்சி மரமேற வேண்டியதாதலின் அதன் நகத்தைக் குறையாது விடுதலே தகும்.

பிறாண்டுதல் பூனையின் குறும்பன்று. பழைய நகத்தோட்டை உதிர்க்கவும், தன் மணத்தைப் பதிக்கவும், உடலை நீட்டி முறிக்கவும் அது பிறாண்டுகின்றது. கயிறு சுற்றிய கம்பமொன்றை நாட்டினால் மெத்தையும் தப்பும். பூனையின் இயல்பும் தப்பும்.

தானியத்தைக் காத்த நகத்துக்கு மனிதன் பல்லாயிரம் ஆண்டுக் கடன்பட்டவன். எலி தொலைந்த வீட்டிலும் அக்கடன் தொலைவதில்லை. தன் வசதிக்காக நுனியைக் குறைப்பவன் பூனையோடு உடன்வாழக் கற்றவன். விரலைக் குறைப்பவனோ பூனையை வேண்டாது அதன் உருவத்தை மட்டும் வேண்டியவன்.