எது முதலில் அறுபட வேண்டும்? வின்ச் பிறந்த கதை

ஒரு கனமான பிக்கப் டிரக் சேற்றில் அச்சு வரை புதைந்துவிட்டால், சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம்தான் ஆழமாகும். அப்போது கைகொடுப்பது முன் பம்பரில் பொருத்திய வின்ச். வடத்தை இழுத்துப்போய் ஒரு பெரிய மரத்தில் கட்டி, வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரையேறுகிறது. அந்த வடத்தில் ஏறும் இழுவிசை சில டன். அறுந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் வின்ச் வளர்ந்த கதை முழுக்க ஒரே கேள்வி ஓடுகிறது: சுமை எல்லை மீறினால் எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உருளையில் கயிறு சுற்றி இழுக்கும் யோசனை மிகப் பழையது. கி.மு. 480-இல் பாரசீக மன்னர் செர்க்சிஸ் ஹெல்லெஸ்பான்ட் நீரிணையில் போட்ட படகுப் பாலத்தின் வடங்களை மர உருளைகளால் இறுக்கினார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். உருளை எப்போதோ தயாராகிவிட்டது. நம்பகமான கயிறுதான் கிடைக்கவில்லை.

அது ஜெர்மனியில், ஹார்ட்ஸ் மலைச் சுரங்கத்தில் கிடைத்தது. ஈரத்தில் சணல் கயிறு இற்றுப்போகும். இரும்புச் சங்கிலி முன்னறிவிப்பே தராது. ஒரு கண்ணி விட்டால் எல்லாம் விட்டது. சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட், நாலு கம்பிகளை முறுக்கி ஒரு புரியாக்கி, அப்படி மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினார். மொத்தம் 12 கம்பிகள். 1834-இல் கிளவுஸ்டால் ஊரின் கரோலின் சுரங்கத்தில் அந்த வடம் வேலைக்கு இறங்கியது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற பதினொன்று தாங்கும். அறுந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு, வடத்தை மாற்றச் சொல்லும். முழுதாக விடுமுன் எச்சரிக்கும் வடம் உலகத்துக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரில் வின்ச் வண்டியோடு ஊர்ஊராகப் போனது. அமெரிக்க ராணுவத்துக்காக டாட்ஜ் நிறுவனம் செய்த முக்கால் டன் வண்டியின் இரண்டு வடிவங்கள்: வின்ச் இல்லாதது டபிள்யூசி-51, வின்ச் உள்ளது டபிள்யூசி-52. போர் முடிந்ததும் அதே வண்டியின் அடிக்கட்டில் 1946-இல் 'பவர் வேகன்' பொதுமக்களுக்கு வந்தது. காட்டுக்கும் பண்ணைக்கும் மின்கம்பம் நடும் வேலைக்கும் போன அந்தக் கனரக பிக்கப்பில், விரும்பினால் முன்பக்கம் வின்ச் வைத்து வாங்கலாம்.

அந்த வின்ச்சை இயக்கியது இன்ஜின்தான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீண்ட தண்டு முன் பம்பர் வரை ஓடும். அந்தத் தண்டை வின்ச்சோடு கோத்து வைத்தது விரல் பருமன்கூட இல்லாத ஒரு பின். பெயர் ஷியர் பின். இன்ஜினின் முழு பலமும் வடத்தில் ஏறினால் வடம் அறுந்துவிடும். அதற்கு முன் இந்தப் பின் வெட்டுப்பட வேண்டும் என்றே அதை மென்மையான உலோகத்தில் செய்தார்கள். பின் போனால் தண்டு சும்மா சுற்றும், வடம் பிழைக்கும், பக்கத்தில் நிற்பவரும் பிழைப்பார். அடிக்கடி பின் முறிகிறதே என்று கடினமான போல்ட்டைச் சொருகினால், அடுத்து அறுபடுவது வடம். வின்ச் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இந்தப் பின்தான். தோற்பதற்கென்றே பிறந்து, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது.

இன்ஜின் நின்றால் வின்ச்சும் நின்றுவிடும் என்பது அந்த அமைப்பின் குறை. ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் வின்ச் வெறும் பாரம். சியாட்டில் பகுதியில் ஆர்தர் வார்ன் 1948-இல் தொடங்கிய நிறுவனம், முதலில் ஜீப்புகளுக்கு முன்சக்கர ஹப் செய்து பேர் வாங்கியது. 1959-இல் அது வண்டியின் பேட்டரியில் ஓடும் வின்ச்சைப் பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்குக் கொண்டுவந்தது. 1974-இல் வந்த அதன் 8274 மாடலுக்குப் பெயரே கதை சொல்லும்: 8,000 பவுண்டு இழுவை, 74-ஆம் ஆண்டு.

கடைசி மாற்றத்துக்கான விதை நெதர்லாந்தில் விழுந்தது. 1963-இல் டிஎஸ்எம் நிறுவனத்தில் வேதியியலாளர் ஆல்பர்ட் பென்னிங்ஸ் பாலிஎத்திலீன் கரைசலைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, கலக்கும் கோலில் இழைகள் படிவதைக் கண்டார். அந்த வழியில் வந்த இழை 1990-இல் டைனீமா என்ற பெயரில் வணிக உற்பத்திக்கு வந்தது. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு, தண்ணீரில் மிதக்கும். முக்கியமாக, கனமில்லாததால் அறுந்தாலும் எஃகு வடம்போல் சாட்டையாய்ச் சீறாது. 2019 மாடல் பவர் வேகனில், தொழிற்சாலையிலேயே 12,000 பவுண்டு வின்ச்சோடு இத்தகைய செயற்கை வடம் வந்தது.

இந்த வரலாறு தெரிந்தவருக்கு வின்ச் தேர்வு எளிது. வண்டியின் மொத்த எடையை, சாமானும் ஆளும் ஏறிய பிறகு, ஒன்றரையால் பெருக்குங்கள். 3,600 கிலோ வண்டிக்கு 5,400 கிலோ, அதாவது ஏறக்குறைய 12,000 பவுண்டு. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண், வடம் சுற்றும் உருளையான டிரம்மில் ஒரே அடுக்கு வடம் மிஞ்சியிருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேலே ஏறும் ஒவ்வொரு அடுக்கும் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைக்கும். வடத்தை ஒரு கப்பி வழியே மடக்கிக் கொண்டுவந்து வண்டியிலேயே மாட்டினால், வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கியரையும் பாருங்கள். வார்ம் கியர் மெதுவானது, சுமையைத் தானே பிடித்து நிறுத்தும். பிளானட்டரி கியர் வேகமானது, அதற்குத் தனியாக பிரேக் வேண்டும். அந்த பிரேக் பெரும்பாலும் டிரம்முக்குள் இருப்பதால், வடத்தைச் சுமையோடு நெடுநேரம் இறக்கினால் சூடேறும். எஃகு வடம் அதைத் தாங்கும். செயற்கை வடத்துக்குச் சூடும் கூரான பாறையும் வெயிலும் எதிரி. வடம் வெளியே வரும் வாயில், எஃகு வடம் ஓடித் தேய்ந்த வழிகாட்டி உருளைகளின் மேல் புது வடத்தை ஓட்டினால் அங்குள்ள பிசிறு இழைகளை அறுத்துவிடும். வழுவழுப்பான அலுமினிய வாயை மாட்டுங்கள். முழுச் சுமையில் மோட்டார் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் நல்ல பேட்டரியும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பிறகு பழைய கேள்வியை ஒருமுறை கேளுங்கள். மின் வின்ச்சில் ஷியர் பின் கிடையாது. சுமை மீறினால் மோட்டார்தான் திணறி நிற்க வேண்டும். அதனால் வடத்தின் அறுபடும் வலு, வின்ச்சின் இழுவையைவிடக் கூடுதலாக இருக்கட்டும். ஷேக்கிளும் கொக்கியும் அடிக்கட்டில் வடம் மாட்டும் இடமும் அதைவிட உறுதியாக இருக்கட்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருநாளும் வடத்தை மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டாகப் பறக்கும். வடத்தின் நடுவே கனமான போர்வை ஒன்றைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிறகு பொத்தானை அழுத்துங்கள்.